கேட்பது ஸ்கிரிப்ட், காது யாருடையது?

சில வருடங்களுக்கு முன் பில் போடும் சின்னப் புரோகிராம் ஒன்று எழுதினேன். சி மொழியில் ஒரு விண்டோ, அதில் ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால் லுவா மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் ஓடி, எத்தனை கிலோ என்று கேட்டு, தள்ளுபடி போக விலையைச் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்டைத் தனியாக, கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் டெர்மினலில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதையே விண்டோவுக்குள் வைத்துப் பட்டனை அழுத்தியதும் விண்டோ உறைந்துவிட்டது. நகர்த்த முடியவில்லை, மூடவும் முடியவில்லை. அரை மணி நேரம் சி கோடில் தப்பு தேடினேன். எதேச்சையாகப் பின்னால் மறைந்திருந்த டெர்மினலைப் பார்த்தால், அங்கே "எத்தனை கிலோ?" என்று போட்டு, கர்சர் கண்சிமிட்டிக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருக்கிறது. 2 என்று அடித்து என்டர் தட்டினேன். விண்டோவுக்கு உயிர் வந்தது.

கோடு சொன்னதைத்தான் செய்தது. ஸ்கிரிப்ட் கேட்கும் கேள்வி யாருடைய காது வழியாகப் போய் வருகிறது என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சின்ன ஏற்பாடு. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்தே எழுதுகிறேன். எடிட்டரில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள், மாறிகளின் பெயர்களையும் சேர்த்துத்தான். லுவாவில் மாறிக்குத் தமிழில் பெயர் வைக்க முடியாது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்து மட்டும் எந்த மொழியிலும் இருக்கலாம்.

ஒரு பெரிய புரோகிராமுக்குள் இன்னொரு மொழியை ஓட்டும் சின்ன எஞ்சினை வைப்பதுதான் உள்பொதிந்த ஸ்கிரிப்டிங். ஏன் வைக்கிறார்கள்? விலையும் தள்ளுபடி விதியும் மாசத்துக்கு ஒரு தடவை மாறும். ஒவ்வொரு தடவையும் சி கோடைத் திருத்தி, மறுபடி கம்பைல் செய்து, எல்லா மெஷினிலும் போட்டுக்கொண்டிருக்க முடியாது. மாறுகிற பகுதியை ஸ்கிரிப்டாக எழுதி வைத்துவிட்டால் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திருத்தினால் போதும். எஞ்சினைத் தனக்குள் வைத்திருக்கும் புரோகிராமை இங்கே தாய் புரோகிராம் என்று சொல்கிறேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் ஆட்-ஆன்கள், ரெடிஸ் தரவுத்தளத்துக்குள் ஓடும் ஸ்கிரிப்ட்கள், நியோவிம் எடிட்டரின் அமைப்புகள் எல்லாம் இப்படித் தாய் புரோகிராமுக்குள் ஓடும் லுவாதான்.

லுவா பிறந்த கதையிலேயே உள்ளீடு வருகிறது. 1990-களின் தொடக்கத்தில், பிரேசிலின் பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்தில், சிமுலேஷன் புரோகிராம்களுக்கு வேண்டிய தரவை உள்ளிடுவது பெரிய தலைவலி. ரியோ டி ஜெனிரோவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் டெக்கிராஃப் குழு அதற்காகவே டெல் என்ற குட்டி மொழியைச் செய்து கொடுத்தது. தரவு உள்ளீட்டு மொழி என்பதன் சுருக்கம் அது. வேறொரு வேலைக்கு சோல் என்று இன்னொன்று. இரண்டையும் சேர்த்து உருப்படியாக ஒரே மொழியாக்கலாம் என்று 1993-ல் ராபர்ட்டோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கி டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ் மூவரும் செய்ததுதான் லுவா. போர்ச்சுகீசிய மொழியில் சோல் என்றால் சூரியன், லுவா என்றால் நிலா.

ஆக, படிவத்தில் ஆட்கள் அடிக்கும் தரவோடு மல்லுக்கட்டியதில் பிறந்த மொழி இது. ஆனால் வெறும் எஞ்சினாக எடுத்தால் அதற்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது.

சி மொழியிலிருந்து ஒரு லுவா எஞ்சினை உருவாக்கிவிட்டு, வேறு எதுவும் செய்யாமல், பிரின்ட்("வணக்கம்") என்ற ஒரே வரியை ஓடவிட்டுப் பாருங்கள். வணக்கம் வராது. பிரின்ட் என்ற பெயரில் எதுவும் இல்லை, இல்லாததை எப்படிக் கூப்பிடுவது என்று பிழைச்செய்திதான் வரும். பிரின்ட் மொழியின் பகுதி இல்லை, நூலகத்தின் பகுதி, அதாவது முன்பே எழுதி வைத்த ஃபங்ஷன்களின் தொகுப்பில் ஒன்று. லுவாஎல்_ஓப்பன்லிப்ஸ் என்ற சி ஃபங்ஷனைத் தாய் புரோகிராம் கூப்பிட்ட பிறகுதான் பிரின்ட், உள்ளீடு படிக்கும் ஐஓ நூலகம், கணித நூலகம் எல்லாம் ஸ்கிரிப்டுக்குக் கண்ணில் தெரியும். வாடகை வீட்டில் ஓனர் எந்தக் குழாய்க்கு இணைப்பு கொடுத்தாரோ அதில்தானே தண்ணீர் வரும்? அந்தக் கதைதான்.

"நான் டெர்மினலில் லுவா என்று அடித்தால் பிரின்ட் வருகிறதே" என்று கேட்கலாம். அந்த லுவா கட்டளையும் சி மொழியில் சில நூறு வரிகளில் எழுதிய ஒரு தாய் புரோகிராம்தான். எஞ்சினை உருவாக்கி, எல்லா நூலகத்தையும் திறந்துவிட்டு, உங்கள் ஃபைலை ஓட்டுகிறது. அதன் ஓனர் தாராளமானவர், அவ்வளவுதான்.

ஜாவாஸ்கிரிப்டிலும் இதே நிலைதான். வெளியிலிருந்து தரவை வாங்கவோ விடையை வெளியே காட்டவோ இதில் எந்த வசதியும் இல்லை என்று அந்த மொழியின் தர ஆவணமே சொல்கிறது. பிரவுசரில் பிராம்ப்ட் என்று எழுதினால் கேள்விப் பெட்டி வருவது பிரவுசர் கொடுத்த சலுகை. அதே வரியை, பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் ஓட்டினால் பிராம்ப்ட் என்று ஒன்று இல்லை என்று பிழை வரும். மொழி மாறவில்லை, ஓனர் மாறிவிட்டார்.

டெர்மினலில் கேட்பது

சரி, எளிய நிலையிலிருந்து தொடங்கலாம். தாய் புரோகிராம் டெர்மினலில் ஓடுகிறது, ஐஓ நூலகமும் திறந்திருக்கிறது. அப்போது ஸ்கிரிப்ட் நேரடியாகவே கேட்கலாம்:

ஐஓ.ரைட்("எத்தனை கிலோ? ")
ஐஓ.ஃபிளஷ்()
லோக்கல் விடை = ஐஓ.ரீட்()

நடுவில் இருக்கும் ஃபிளஷ் சும்மா இல்லை. திரைக்கு அனுப்பும் எழுத்துகளைச் சி நூலகம் கொஞ்ச நேரம் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் சேர்த்து வைக்கும். நேரடி டெர்மினலில் பெரும்பாலும் தொந்தரவில்லை. ஆனால் சில எடிட்டர்களின் வெளியீட்டுப் பெட்டிக்குள் ஓட்டினால், கேள்வி பஃபரிலேயே உட்கார்ந்திருக்கும். புரோகிராம் பதிலுக்குக் காத்திருக்கும். நீங்கள் கேள்விக்குக் காத்திருப்பீர்கள்.

ரீட்டுக்கு அடைப்புக்குறிக்குள் எதுவும் கொடுக்காவிட்டால் ஒரு வரியைப் படிக்கும். வரிமுடிவுக் குறியை வெட்டிவிட்டுத் தரும். "எல்" என்று கொடுத்தாலும் அதேதான். "என்" என்று கொடுத்தால் ஓர் எண்ணைப் படிக்கும். எண்தானே வேண்டும், "என்" போடலாமே என்றுதான் புதிதாக வருகிற எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. இதை அருகில் போய்ப் பார்க்கலாம்:

லோக்கல் கிலோ = ஐஓ.ரீட்("என்")
லோக்கல் பெயர் = ஐஓ.ரீட்("எல்")

ஓட்டுங்கள். 2 அடித்து என்டர் தட்டுங்கள். பெயரைக் கேட்காமலேயே புரோகிராம் முடிந்துவிடும். பெயரில் வெற்று ஸ்ட்ரிங், அதாவது ஒரு எழுத்தும் இல்லாத எழுத்துச் சரம் இருக்கும். ஏன்? நீங்கள் தட்டியது இரண்டு சாவிகள்: 2, அப்புறம் என்டர். இரண்டும் உள்ளீட்டு வரிசையில் போய் நிற்கின்றன. எண் படிக்கும் ரீட் 2-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, என்டரை அங்கேயே விட்டுவிடுகிறது. அடுத்து வரும் ரீட் ஒரு முழு வரியைத் தேடுகிறது. கண்முன்னே என்டர் நிற்கிறது. அதற்கு முன்னால் எழுத்தே இல்லை. சரி, வெறும் வரி போல என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இதைவிட மோசமானது, தப்பாக அடித்தால் மறுபடி கேட்கலாம் என்று இதே ரீட்டைச் சுழற்சிக்குள் வைப்பது. பயனர் "இரண்டு" என்று எழுத்தில் அடிக்கிறார். ரீட் முதல் பைட்டைப் பார்க்கிறது, இலக்கம் இல்லை, திருப்பி வரிசையிலேயே வைத்துவிட்டு, எதுவும் இல்லை என்று பொருள்படும் நில் என்ற மதிப்பைத் தருகிறது. சுழற்சி மறுபடி ரீட்டைக் கூப்பிடுகிறது. அங்கே இன்னும் அதே "இரண்டு" நிற்கிறது. பயனரை ஒரு தடவைகூடக் கேட்காமல் திரை முழுக்க "எத்தனை கிலோ? எத்தனை கிலோ?" என்று கொட்டிக்கொண்டே போகும்.

அதனால் என் பழக்கம் இதுதான்: எப்போதும் முழு வரியாகப் படி, அப்புறம் எண்ணாக்கு.

லோக்கல் விடை = ஐஓ.ரீட்("எல்")
லோக்கல் கிலோ = டுநம்பர்(விடை)

டுநம்பர் என்பது ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றும் ஃபங்ஷன். மாற்ற முடியாவிட்டால் நில் தரும். தமிழில் வாசித்தால் இந்த நில் பொருத்தமாகவே இருக்கிறது. அது வந்தால் நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

டுநம்பரே வேண்டாம், லுவா தானாக மாற்றிக்கொள்ளுமே என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. "2" என்ற ஸ்ட்ரிங்கை 400-ஆல் பெருக்கினால் 800 வரும், சத்தமே இருக்காது. ஆனால் அதே "2" ஐந்தைவிடப் பெரிதா என்று கேட்டால் எண்ணையும் ஸ்ட்ரிங்கையும் ஒப்பிட முடியாது என்று புரோகிராம் விழுந்துவிடும். விலைக் கணக்கு சரியாக வந்து, "5 கிலோவுக்கு மேல் தள்ளுபடி" என்ற வரியில் மட்டும் உடைவதன் காரணம் இதுதான்.

டுநம்பரும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. "2 கிலோ", "1,5", "1/2" எல்லாவற்றுக்கும் நில் வரும். நல்லது. "-2" என்றால் மைனஸ் இரண்டு. கடைக்காரர்தான் வாடிக்கையாளருக்குக் காசு தர வேண்டியிருக்கும். "1e3" என்பதில் வருவது போல நடுவில் e வந்தால் அது அறிவியல் முறை எண், ஆயிரம் கிலோ ஆகிவிடும். எண்ணாக மாறியதா என்று பார்த்தபின், வரம்புக்குள் இருக்கிறதா என்றும் பார்த்தே ஆக வேண்டும்.

விண்டோவுக்குள் வந்தால்

இப்போது என் உறைந்த விண்டோவுக்கு வருவோம். ஐஓ.ரீட் என்பது அந்தப் புரோகிராமின் நிலையான உள்ளீட்டைப் படிக்கும். டெர்மினலிலிருந்து தொடங்கிய புரோகிராமுக்கு அது டெர்மினல்தான், முன்னால் எத்தனை அழகான விண்டோ இருந்தாலும் சரி. பதில் வரும்வரை ரீட் திரும்பி வராது. விண்டோவின் மவுஸ் கிளிக்குகளைக் கவனிக்க வேண்டிய அதே இழை (புரோகிராமின் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் பாதை) அங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது. உறையாமல் என்ன செய்யும்? டெர்மினலே இல்லாமல் தொடங்கியிருந்தால் பெரும்பாலும் படிக்க எதுவும் இல்லாமல் உடனே நில் வந்திருக்கும். அதுவும் உதவாது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, ஸ்கிரிப்டைக் கேட்கவே விடாமல், தாய் புரோகிராமே முன்கூட்டிக் கேட்டு, விடையைக் கையில் கொடுத்துவிடுவது. விண்டோவில் எழுத்துப்பெட்டி இருக்கிறது. பட்டன் அழுத்தியதும் அதில் இருப்பதை எடுத்து எஞ்சினுக்குள் மாறியாக வைத்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டியதுதான். லுவாவுக்கும் சி-க்கும் நடுவில் கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஸ்டாக் என்ற, மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு வழியாக நடக்கும். லுவா_புஷ்ஸ்ட்ரிங் என்ற ஃபங்ஷன் எழுத்தை ஸ்டாக்கின் மேல் வைக்கும். லுவா_செட்குளோபல் அதை எடுத்து, நீங்கள் சொன்ன பெயருள்ள மாறியில் போடும். இரண்டே வரி. என்ன கேட்க வேண்டும் என்பது முன்பே தெரிந்த இடங்களில் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ரெடிஸ் இப்படித்தான் செய்கிறது. 2012-ல் வந்த அதன் 2.6 பதிப்பிலிருந்து ஸ்கிரிப்ட் ஓட்ட முடியும். வெளி மதிப்புகள் கீஸ், ஆர்க்வி என்ற இரண்டு அட்டவணைகளில் தயாராக வந்து நிற்கும். ஐஓ நூலகத்தை அங்கே திறந்துவிடுவதே இல்லை.

இந்த வழியில் ஒரு படுகுழி இருக்கிறது, அதைத் தாண்டிப் போக மனசில்லை. ஸ்டாக், புஷ் என்று புரியாத பெயராக இருக்கிறதே, ஸ்கிரிப்ட் வரியையே ஒட்டிச் செய்துவிடலாம் என்று ஒரு யோசனை வரும். அதாவது பெயர் = ' என்பதோடு பயனர் அடித்ததை ஒட்டி, இன்னொரு ஒற்றை மேற்கோளை ஒட்டி, அந்த வரியை எஞ்சினிடம் ஓட்டக் கொடுப்பது. முருகன் என்று அடித்தால் வேலை செய்யும். டி'சோசா என்று ஒருவர் வந்தால் நடுவில் இருக்கும் மேற்கோள் குறியில் வரி உடைந்து பிழை வரும். விவரமான ஒருவர் வந்து மேற்கோளை மூடிவிட்டு, அதன் பின்னால் ஃபைலை அழிக்கும் கட்டளையை அடித்தால்? எஞ்சின் அதையும் உங்கள் கோடு என்றே நம்பி ஓட்டும். பயனர் அடித்தது எப்போதும் மதிப்பாகவே போக வேண்டும், கோடாகப் போகவே கூடாது. புஷ்ஸ்ட்ரிங் வழியாகப் போனால் பெயரில் என்ன இருந்தாலும் அது வெறும் எழுத்துதான்.

இரண்டாவது வழி, தாய் புரோகிராம் ஒரு ஃபங்ஷனை எழுதி ஸ்கிரிப்டுக்குக் கொடுப்பது. கேள் என்று பெயர் வைப்போம். ஸ்கிரிப்டில் கேள்("எத்தனை கிலோ?") என்று எழுதினால், உள்ளே சி ஃபங்ஷன் ஓடி, ஒரு கேள்விப் பெட்டியைத் திறந்து, பயனர் சரி என்று அழுத்தியதும் விடையை ஸ்டாக்கில் வைத்துத் திரும்பும். டெர்மினல் பதிப்பு வேண்டுமென்றால் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினால் போதும், ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தும் மாறாது. ஐஓ.ரீட்டை ஸ்கிரிப்ட் முழுக்கத் தூவி வைத்திருந்தால் இந்தச் சௌகரியம் கிடைக்காது. தொடங்குகிறவர்களுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன்.

ஆனால் விளையாட்டு மாதிரியான இடங்களில் கேள்விப் பெட்டிக்காக எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க முடியாது. பயனர் யோசிக்கும் நேரத்திலும் திரையில் படம் அசைந்துகொண்டிருக்க வேண்டும். அங்கேதான் மூன்றாவது வழி: கோரூட்டீன். கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் மணி அடித்தால் படித்த பக்கத்தில் அடையாளமாக ஒரு கயிற்றை வைத்து மூடிவிட்டு எழுந்து போவோம், திரும்பி வந்து அதே வரியிலிருந்து தொடருவோம். கோரூட்டீன் அந்தக் கயிறு. 2003-ல் வந்த 5.0 பதிப்பிலிருந்து லுவாவில் இது இருக்கிறது.

நடப்பது இதுதான். ஸ்கிரிப்ட் கேள் என்று கூப்பிடுகிறது. சி ஃபங்ஷன் எழுத்துப்பெட்டியைத் திரையில் வைத்துவிட்டு, காத்திருக்காமல் லுவா_யீல்ட் சொல்கிறது. அதாவது அடையாளக் கயிற்றை வைத்து மூடிவிடுகிறது. கட்டுப்பாடு தாய் புரோகிராமுக்கு வந்துவிடுகிறது, விண்டோ வழக்கம்போல ஓடுகிறது. பத்து நொடியோ பத்து நிமிடமோ கழித்துப் பயனர் விடை கொடுத்ததும், தாய் புரோகிராம் அதை ஸ்டாக்கில் வைத்து லுவா_ரெஸ்யூம் சொல்கிறது. ஸ்கிரிப்டின் பார்வையில் கேள் இப்போதுதான் விடையோடு திரும்பியிருக்கிறது. நடுவில் நேரம் போனதே அதற்குத் தெரியாது. கோடு மேலிருந்து கீழாக நேராக இருக்கும்:

லோக்கல் கிலோ = டுநம்பர்(கேள்("எத்தனை கிலோ?"))
லோக்கல் பெயர் = கேள்("யார் பெயருக்கு?")

இதில் இரண்டு இடத்தில் கால் இடறும். ஸ்கிரிப்டைத் தொடக்கத்திலிருந்தே கோரூட்டீனாக ஓட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் கோரூட்டீனுக்கு வெளியே யீல்ட் செய்ய முடியாது என்று பிழை வரும். அப்புறம், மூடி வைத்த கோரூட்டீனை லுவாவுக்குள் எங்காவது ஒரு இடத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். யாரும் பிடித்திருக்காவிட்டால் தேவையில்லாத மதிப்புகளை நினைவகத்திலிருந்து நீக்கும், லுவாவின் குப்பை அள்ளும் பகுதி அதையும் அள்ளிக்கொண்டு போய்விடும். பயனர் டீ குடித்துவிட்டு வந்து விடை சொல்லும்போது தொடர்வதற்கு ஆள் இருக்காது. உடனே விடை சொன்னால் பிழை வராது, தாமதித்தால் எப்போதாவது வரும். கண்டுபிடிக்கத் திணறவைக்கும் ரகம்.

தமிழில் அடித்தால்

லுவாவுக்கு ஸ்ட்ரிங் என்பது பைட்களின் வரிசை. எழுத்து என்ற கருத்தே அதற்கு இல்லை. "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று # குறியால் கேட்டால் 15 என்று சொல்லும். எழுத்துகளைப் பைட்களாக எழுதும் முறையான யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். 5.3 பதிப்பில் வந்த யுடிஎஃப்8 நூலகத்தின் லென் ஃபங்ஷன் 5 என்று சொல்லும். நாம் எண்ணுவது மூன்று. பெயர் 10-க்கு மேல் போகக்கூடாது என்று # வைத்துச் சோதித்தால் "கமலா"கூட உள்ளே வர முடியாது, அது 12.

இன்னொரு வம்பு கண்ணுக்கே தெரியாது. "கிலோ" என்பதில் உள்ள "லோ" இரண்டு விதமாக வரலாம்: ஓகாரக் குறி ஒரே குறியாக, அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். பைட் கணக்கில் ஒன்று 6, மற்றது 9. லுவா இரண்டையும் வெவ்வேறு சொல் என்றே ஒப்பிடும். வேறு வேறு கீபோர்டுகளிலிருந்து உள்ளீடு வரும் என்றால், தாய் புரோகிராமிலேயே ஒரு வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஸ்கிரிப்டுக்கு அனுப்புங்கள். லுவாவின் சொந்த நூலகத்தில் அதற்கு வசதி இல்லை.

ஆனால் பலனும் உண்டு. வாடிக்கையாளர் அரை, முக்கால், ஒன்றரை என்றுதான் சொல்வார். ஸ்கிரிப்டில் ஓர் அட்டவணை போட்டு "அரை" என்பதற்கு 0.5, "முக்கால்" என்பதற்கு 0.75, "ஒன்றரை" என்பதற்கு 1.5 என்று வைத்துவிடலாம். டுநம்பர் நில் தந்தால் அட்டவணையில் தேடு, அங்கேயும் இல்லையென்றால் மறுபடி கேள். சி கோடைத் தொடவே வேண்டாம். நாளைக்கு "கால்" வேண்டுமென்றால் கடைக்காரரே ஒரு வரி சேர்த்துக்கொள்வார்.

கடைசியாக ஒன்று. பயனர் பதிலே சொல்லாமல் போகலாம். டெர்மினலில் லினக்ஸில் கன்ட்ரோல்-டி அடித்தால் உள்ளீடு முடிந்தது என்று பொருள், ரீட் நில் தரும். வெறும் என்டர் தட்டினால் வெற்று ஸ்ட்ரிங் தரும். இரண்டும் வேறு: முன்னது "போதும், நான் கிளம்புகிறேன்", பின்னது "எழுத ஒன்றுமில்லை". நீங்கள் எழுதும் கேள் ஃபங்ஷனும் இந்த வேறுபாட்டைக் காக்கட்டும். ரத்து என்ற பட்டனுக்கு நில், காலிப் பெட்டியோடு சரி என்று அழுத்தினால் வெற்று ஸ்ட்ரிங். ஸ்கிரிப்டும் டுநம்பருக்கு அனுப்பும் முன் விடை நில்லா என்று பார்த்துவிட வேண்டும். என் பில் புரோகிராம் அதைப் பார்க்கவில்லை. ரத்து அழுத்திய முதல் ஆளிடம் அது "எத்தனை கிலோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது. அவர் கடைசியில் பிளக்கைப் பிடுங்கித்தான் தப்பித்தார்.